மேனேஜரை தூக்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் வுல்வ்ஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா மேனேஜரை, அதாவது டீமோட தலைமை கோச்சை, வேலையை விட்டு தூக்கற விஷயத்துல என்னெல்லாம் பண்ணக்கூடாதோ அதை ஒரே கிளப் ரெண்டு தடவை பண்ணி காட்டியிருக்கு. 2024 ஆகஸ்ட்ல கேரி ஓநீலுக்கு 4 வருஷ புது கான்ட்ராக்ட் குடுத்தாங்க, டிசம்பர் 15 அன்னிக்கு 16 மேட்ச்ல 9 பாயிண்ட், டேபிள்ல 19வது இடம், ஆளை தூக்கியாச்சு. அடுத்து வந்த விட்டோர் பெரேரா டீமை மொத்தம் 42 பாயிண்ட்டோட 16வது இடத்துல முடிக்க வச்சு காப்பாத்தி குடுத்தாரு, சரி இவருதான் நம்ம ஆளுன்னு 2025 செப்டம்பர்ல 3 வருஷ புது கான்ட்ராக்ட், நவம்பர் 2 அன்னிக்கு 10 மேட்ச்ல 2 பாயிண்ட்டோட அவரும் வெளிய. கையெழுத்து போட்டு ஒன்றரை மாசம்தான் ஆகியிருந்துச்சு.

நம்ம யாரும் கிளப் ஓனர் இல்லதான், ஆனா நாலு மேட்ச் தோத்தா "தூக்குங்கடா அவனை"ன்னு எல்லாரும் எழுதறோம்ல, அப்படி எழுதறதுக்கு முன்னாடி போர்டு ரூம்ல உக்காந்திருக்கறவன் எதை எதை பாக்கணும்னு தெரிஞ்சுக்கறது நல்லது. இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை வச்சே சொல்றேன், அங்கதான் கணக்கு வழக்கு ஓரளவு வெளிய வருது.

கான்ட்ராக்டை எடுத்து படிங்க

முதல்ல மிச்சம் எத்தனை வருஷம் இருக்குன்னு பாக்கணும். அப்புறம் தூக்கினா எவ்வளவு குடுக்கணும்னு தனியா ஒரு வரி இருக்கான்னு பாக்கணும். சில கான்ட்ராக்ட்ல மிச்ச சம்பளம் முழுசும் குடுக்கணும்னு இருக்கும், சிலதுல ஒரு வருஷ சம்பளம்தான் உச்சவரம்புன்னு இருக்கும், சிலதுல அவருக்கு அடுத்த வேலை கிடைக்கற வரைக்கும் மாசா மாசம் குடுத்துட்டே இருக்கணும்னு இருக்கும். இந்த மூணுக்கும் நடுவுல வித்தியாசம் பல மில்லியன் பவுண்ட்.

மான்செஸ்டர் யுனைடெட் 2014 ஏப்ரல்ல டேவிட் மோயஸை தூக்கினப்போ அவரோட 6 வருஷ கான்ட்ராக்ட்ல ஒரு வருஷம்கூட முடியல, ஆனா அவருக்கும் ஸ்டாஃபுக்கும் சேர்த்து கணக்குல வந்த செலவு 5.2 மில்லியன்தான். அதே கிளப் 2018 டிசம்பர்ல மொரின்யோவை அனுப்பினப்போ அவருக்கும் கூட வந்தவங்களுக்கும் 19.6 மில்லியன். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அதே 2018 ஜனவரியிலதான் மொரின்யோ கான்ட்ராக்டை நீட்டியிருந்தாங்க. 2021 ஜூலைல சோல்ஷியருக்கு 2024 வரைக்கும் நீட்டினாங்க, நவம்பர்ல தூக்கினாங்க. 2024 ஜூலைல டென் ஹாக்குக்கு 2026 வரைக்கும் நீட்டினாங்க, அக்டோபர் 28ல தூக்கினாங்க, செலவு 10.4 மில்லியன், நம்ம காசுல நூறு கோடிக்கு மேல. மூணு பேரு, மூணு எக்ஸ்டென்ஷன், மூணும் ஒரு வருஷம் தாங்கல. அதனால தூக்கற செலவு எவ்வளவுங்கறது தூக்கற அன்னிக்கு முடிவாகறது இல்ல, எக்ஸ்டென்ஷன்ல கையெழுத்து போடற அன்னிக்கே முடிவாகிடுது. கப் ஜெயிச்ச சந்தோஷத்துலயோ, மேனேஜருக்கு ஆதரவு இருக்குன்னு பத்திரிகைக்காரங்களுக்கு காட்டறதுக்கோ கான்ட்ராக்டை நீட்டாதீங்க. டென் ஹாக் விஷயத்துல அதுதான் நடந்துச்சு, லீக்ல 8வது இடம், ஆனா கடைசியில எஃப்ஏ கப் ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டியை 2-1ன்னு அடிச்சிட்டாரு, அந்த ஒரு சாயங்காலம் எல்லாத்தையும் மாத்திடுச்சு.

இன்னொன்னு, மேனேஜர் தனியா வர்றது இல்ல. அசிஸ்டன்ட், ஃபிட்னஸ் கோச், கோல்கீப்பர் கோச், அனலிஸ்ட்னு ஒரு பட்டாளமே கூட வரும், இவரு போனா அவங்களும் போவாங்க, அவங்களுக்கும் செட்டில்மென்ட். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்ங்கற அளவுக்கு இல்லன்னாலும் லேசான தொகை இல்ல.

காசு குடுக்காம தப்பிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. செல்சி 2018ல அன்டோனியோ கோன்டேகிட்ட அதை முயற்சி பண்ணி பாத்துச்சு. அவரு ஸ்ட்ரைக்கர் டியேகோ கோஸ்டாவுக்கு நீ என் பிளான்ல இல்லன்னு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாரு, அதை காரணமா காட்டி ஒழுங்கீனம்னு வாதாடினாங்க. நடுவர் மன்றம் கோன்டே பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அவருக்கு 9 மில்லியன், ஸ்டாஃபு வக்கீல் ஃபீஸ் எல்லாம் சேர்த்து கணக்குல மொத்தம் 26.6 மில்லியன் பவுண்ட். ஒரு வருஷ கான்ட்ராக்ட் மிச்சம் இருந்த ஆளுக்கு!

கெவின் கீகன் கேஸ் இன்னும் ஒரு படி மேல. 2008ல நியூகாசில் அவரை தூக்கவே இல்ல, அவரே ராஜினாமா பண்ணாரு, ஆனா வீரர்களை வாங்கற விஷயத்துல கடைசி வார்த்தை என்னோடதுன்னு சொல்லித்தான் வேலைக்கு எடுத்தாங்க, இப்போ என்னை கேக்காமயே ஆள் எடுக்கறாங்கன்னு கேஸ் போட்டு 2 மில்லியன் வட்டியோட வாங்கினாரு. இக்னாசியோ கோன்சாலஸ்னு ஒரு உருகுவே பிளேயரை லோன்ல எடுத்ததுதான் அதுல முக்கிய சாட்சி, யூடியூப்ல பாருங்கன்னு கீகன்கிட்ட சொன்னாங்களாம். அந்த சீசன் கடைசியில நியூகாசில் ரெலிகேட் ஆச்சு, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு.

உள்ள வர்றவனோட விலை

இங்கதான் நிறைய பேரு கோட்டை விடறாங்க. வேலையில இருக்கற மேனேஜர் வேணும்னா அவரு கிளப்புக்கு பணம் கட்டணும். டென் ஹாக்குக்கு பதிலா வந்த ரூபன் அமோரிமுக்காக யுனைடெட் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு கட்டினது 11 மில்லியன் யூரோ, அதுல 10 ரிலீஸ் கிளாஸ் (இவ்வளவு கட்டினா விட்டுடுவோம்னு கான்ட்ராக்ட்லயே எழுதின தொகை), மிச்சம் 1 மில்லியன் 30 நாள் நோட்டீஸ் முடியறதுக்கு முன்னாடி விடறதுக்காக. கிரஹாம் பாட்டரையும் அவரு ஆளுங்களையும் பிரைட்டன்ல இருந்து கூட்டிட்டு வர செல்சி 2022 செப்டம்பர்ல கட்டினது 20 மில்லியன் பவுண்டுக்கு மேல, 7 மாசத்துல அவரையும் தூக்கினாங்க, அந்த சீசன் 12வது இடம். பாட்டருக்கு முன்னாடி இருந்த டூகலை தூக்கின செலவு வேற, பாட்டரை தூக்கின செலவு வேற, நடுவுல கட்டினது வேற. ஒரு சீசனுக்குள்ள மூணு பில்.

மாறா எவர்டன் 2025 ஜனவரியில பண்ணதை பாருங்க. ஷான் டைச் கான்ட்ராக்ட் எப்படியும் அந்த ஜூன்ல முடியப்போகுது, அதனால செட்டில்மென்ட் சின்னது. வந்த டேவிட் மோயஸ் அப்போ எந்த கிளப்லயும் இல்ல, யாருக்கும் நஷ்டஈடு கட்ட வேண்டாம், எவர்டன்ல முன்னாடி 11 வருஷம் இருந்தவரு, ஊரும் தெரியும் ஆளுங்களையும் தெரியும். தூக்கினப்போ 16வது இடம், சீசன் முடிவுல 13வது, 48 பாயிண்ட். இவ்ளோ குறைஞ்ச செலவுல இவ்ளோ உருப்படியா நடந்த மாத்தம் சமீபத்துல நான் பாக்கல.

பெரிய காசு வீரர்கள்ல இருக்கு

செட்டில்மென்ட் 10 மில்லியன், 20 மில்லியன்னு தலைப்பு வரும், எல்லாரும் அதையே பேசுவாங்க. ஆனா ஒரு மேனேஜர் தனக்குன்னு வாங்கின டீமை அடுத்தவன் கையில குடுக்கறோமே, அந்த செலவு எந்த தலைப்புலயும் வராது.

டென் ஹாக்கை வச்சுக்கிட்டு 2024 கோடையில யுனைடெட் யோரோ, டி லிக்ட், மஸ்ராவி, ஸிர்க்ஸீ, உகார்த்தேன்னு 200 மில்லியன் பவுண்ட் பக்கம் செலவு பண்ணாங்க. அதுல டி லிக்டும் மஸ்ராவியும் அயாக்ஸ்ல அவருக்கு கீழ ஆடினவங்க. ரெண்டு மாசம் கழிச்சு அவரை தூக்கிட்டு, பின்னாடி மூணு டிஃபெண்டர், ரெண்டு பக்கமும் விங் பேக்னு 3-4-3 தவிர வேற எதுவும் ஆட மாட்டேன்னு சொல்ற அமோரிமை கூட்டிட்டு வந்தாங்க. டீம்ல உருப்படியா ஒரு இடது விங் பேக் (ஓரத்துல மேலயும் கீழயும் ஓடி ஆடறவன்) கிடையாது, ஜனவரியில லெச்சேல இருந்து டோர்குவை வாங்க வேண்டியதாச்சு. விங்கர்னு இருந்தவங்களுக்கு புது சிஸ்டம்ல நிக்கவே இடம் இல்ல. 2022ல டென் ஹாக் கேட்டாருன்னு 95 மில்லியன் யூரோ குடுத்து வாங்கின ஆன்டனியை லோன்ல அனுப்பி, அப்புறம் ஸ்பெயின் கிளப் பெட்டிஸ்க்கு அதுல கால்வாசி பக்கம் விலைக்கு வித்தாங்க. இந்த நஷ்டத்தை எல்லாம் "மேனேஜரை தூக்கின செலவு"ன்னு யாரும் எழுதறதில்ல, ஆனா அதுதான் அது.

கடைசியில 2024-25ல யுனைடெட் 42 பாயிண்ட், 15வது இடம். பிரீமியர் லீக் குடுக்கற பணத்துல ஒவ்வொரு இடத்துக்கும் சுமார் 3 மில்லியன் பவுண்ட் வித்தியாசம், அப்போ போன வருஷத்தை விட 7 இடம் இறங்கினதுல மட்டும் 20 மில்லியன் பக்கம் போச்சு. பில்பாவ்ல யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹாம்கிட்ட 1-0ன்னு தோத்ததால அடுத்த சீசன் ஐரோப்பிய போட்டியே இல்ல, சாம்பியன்ஸ் லீக்ல இல்லாத ஒவ்வொரு சீசனுக்கும் அடிடாஸ் ஒப்பந்தத்துல 10 மில்லியன் கட். அதே நேரத்துல செலவை குறைக்கறோம்னு நூத்துக்கணக்கான பேரை வேலையை விட்டு அனுப்பி, ஓல்ட் ட்ராஃபோர்ட் ஸ்டாஃப் கேன்டீனை மூடிட்டு சாப்பாட்டுக்கு பதிலா பழம் வச்சாங்க.

அதனால போர்டு ரூம்ல கேக்க வேண்டிய கேள்வி இது: இப்ப இருக்கற பதினோரு பேர்ல எத்தனை பேரு அடுத்த மேனேஜருக்கும் ஆடுவாங்க? அஞ்சாறு பேருக்கு மேல ஆட மாட்டாங்கன்னா, ஒண்ணு வேற மேனேஜரை தேடுங்க, இல்லன்னா அடுத்த ரெண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோவுக்கும் (வீரர்களை வாங்கி விக்கற சீசன்) காசை எடுத்து வைங்க.

அவரு நிஜமாவே மோசமா, இல்ல நேரம் மோசமா?

தோத்த மேட்ச் லிஸ்டை மட்டும் பாக்காதீங்க. யார்கிட்ட தோத்தாங்க, மேல இருக்கற நாலு டீமும் வரிசையா வந்துச்சா, மெயின் டிஃபெண்டர் இன்ஜுரியா, எக்ஸ்ஜி (கிடைச்ச சான்ஸுக்கு எத்தனை கோல் வந்திருக்கணும்ங்கற கணக்கு) என்ன சொல்லுது, சான்ஸ் உருவாகுது ஆனா பந்து உள்ள போகலையா இல்ல சான்ஸே உருவாகலையா. முதல் வகைன்னா அது தானா சரியாக வாய்ப்பு அதிகம். பாஸ் தெர் வேல்ங்கற டச்சு பொருளாதார ஆய்வாளர் 1986ல இருந்து 2004 வரைக்கும் நெதர்லாந்து லீக் டேட்டாவை எடுத்து, இறங்குமுகத்துல மேனேஜரை மாத்தின டீமையும் அதே மாதிரி இறங்குமுகத்துல இருந்தும் மாத்தாத டீமையும் பக்கத்துல வச்சு பாத்தாரு, ரெண்டு டீமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மேல வந்துச்சு. மாத்தின டீம் மட்டும் "பாத்தியா மாத்தினதும் சரியாச்சு"ன்னு சொல்லிக்குது.

ஆர்சனல் 2020 கிறிஸ்துமஸ் அப்போ 15வது இடம். அந்த சீசன் 8வது, அடுத்த சீசன் முதல் மூணு மேட்ச்லயும் தோல்வி, ஒரு கோல் போடல 9 வாங்கினாங்க, டேபிள்ல கடைசி. மேனேஜர் ஆர்டெட்டாவை தூக்கியிருந்தா யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. தூக்கல, அப்புறம் தொடர்ந்து மூணு சீசன் ரெண்டாவது இடம். ஆனா பொறுமையா இருந்தா எல்லாரும் ஆர்டெட்டா ஆகிடுவாங்கன்னு இல்ல. அங்க சாகா, ஸ்மித் ரோ மாதிரி பசங்க வளர்றது கண்ணுக்கு தெரிஞ்சுது, பெரிய சம்பளக்காரங்களை ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பிட்டு இருந்தாங்க, அதாவது தோத்தாலும் எங்க போறோம்னு ஒரு திசை இருந்துச்சு. உங்க கிளப்ல அப்படி ஒண்ணு தெரியலன்னா ஆரம்பத்துல தடுமாறின ஃபெர்குசனை யுனைடெட் பொறுத்துக்கிட்ட கதையை சும்மா சொல்லி நாளை கடத்தாதீங்க.

புது மேனேஜர் வந்ததும் நாலு மேட்ச் ஜெயிப்பாங்களே, அதையும் நம்பாதீங்க, அது ஆரம்ப சூரத்தனம். பெஞ்ச்ல உக்காந்திருந்தவன் இடத்தை பிடிக்க உயிரை குடுத்து ஓடுவான், எதிர் டீமுக்கு இவங்க எப்படி ஆடுவாங்கன்னு தெரியாது, ஒரு மாசத்துல எல்லாம் தெளிஞ்சிடும். சோல்ஷியர் இடைக்கால மேனேஜரா வந்து முதல் 8 மேட்ச் வரிசையா ஜெயிச்சாரு, பாரிஸ்ல பிஎஸ்ஜியை அடிச்சாரு, 2019 மார்ச் 28ல அவரையே நிரந்தரம் ஆக்கினாங்க, அதுக்கப்புறம் அந்த சீசன்ல எவர்டன்கிட்ட 4-0, கடைசி நாள் ஏற்கனவே ரெலிகேட் ஆன கார்டிஃப்கிட்ட சொந்த மண்ணுல 2-0. மே வரைக்கும் பொறுத்திருந்தா என்ன போச்சு, வேற எந்த கிளப்பும் அவரை கூப்பிட்டு நிக்கலையே.

ரெலிகேஷன் பக்கத்துல இருந்தா கணக்கே வேற

கீழ இருக்கற டீமுக்கு செட்டில்மென்ட் 5 மில்லியனா 8 மில்லியனாங்கறது பிரச்சினையே இல்ல. பிரீமியர் லீக்ல கடைசி இடத்துல முடிச்சாலே 100 மில்லியன் பவுண்டுக்கு மேல டிவி காசு வரும். கீழ இறங்கினா முதல் வருஷம் அந்த டிவி காசுல எல்லா கிளப்புக்கும் சமமா பிரிக்கற பங்குல 55 சதவீதம், அடுத்து 45, மூணாவது வருஷமும் கிடைச்சா 20, அவ்ளோதான். இந்த நிலைமையில தப்பிக்கறதுக்கு 10 சதவீதம் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும்னாலும் தூக்கறது கணக்குப்படி சரி. ஆனா அந்த 10 சதவீதம் நிஜமா இருக்கான்னு பாக்கணும், லெஸ்டர் அதை பாக்கல.

2024 நவம்பர்ல லெஸ்டர் 12 மேட்ச்ல 10 பாயிண்ட், 16வது இடம், ரெலிகேஷன் கோட்டுக்கு மேலதான் இருந்தாங்க. ஸ்டீவ் கூப்பரை தூக்கிட்டு ரூட் வான் நிஸ்டல்ராயை எடுத்தாங்க, எதுக்கு? யுனைடெட்ல நாலு மேட்ச் இடைக்காலமா பாத்து மூணு ஜெயிச்சு ஒண்ணு டிரா பண்ணாரு, அந்த மூணு வெற்றியில ரெண்டு லெஸ்டரையே அடிச்சது! முதல் மேட்ச் வெஸ்ட் ஹாமை 3-1ன்னு ஜெயிச்சாங்க, அப்புறம் சொந்த மைதானத்துல வரிசையா 9 லீக் மேட்ச் ஒரு கோல்கூட போடாம தோத்தாங்க. முடிவுல 25 பாயிண்ட், 18வது, ரெலிகேட். கூப்பர் இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களான்னா அதுவும் சந்தேகம்தான், ஆனா மாத்தினதுல என்ன கிடைக்கும்னு யாருமே யோசிக்கலைன்னு நல்லாவே தெரியுது.

நேரமும் முக்கியம். நவம்பர் இன்டர்நேஷனல் பிரேக்குக்கு முன்னாடி தூக்கினா புது ஆளுக்கு ரெண்டு வாரம் ட்ரெயினிங் கிடைக்கும் (பாதி பேரு நாட்டுக்கு ஆட போயிருப்பாங்க, அது வேற), ஜனவரி விண்டோவும் கையில இருக்கும். பிப்ரவரியில தூக்கினா வாங்கவும் முடியாது விக்கவும் முடியாது, இருக்கறதை வச்சு ஓட்டணும். சீசன் கடைசியில தூக்கறது சூதாட்டம். வாட்ஃபோர்டு 2020 ஜூலைல ரெண்டே மேட்ச் மிச்சம் இருக்கப்போ நைஜல் பியர்சனை அனுப்பினாங்க, அப்போ ரெலிகேஷன் இடத்துக்கு 3 பாயிண்ட் மேல இருந்தாங்க, ரெண்டும் தோத்து இறங்கிட்டாங்க. அந்த சீசன்ல அவங்க அனுப்பின மூணாவது ஆள் அவரு.

அடுத்தவன் பேரு கையில இல்லாம ஆரம்பிக்காதீங்க

டாட்டன்ஹாம் 2021 ஏப்ரல் 19ல மொரின்யோவை தூக்கினாங்க, லீக் கப் ஃபைனலுக்கு 6 நாள் முன்னாடி. 29 வயசு ரயன் மேசன் வெம்ப்ளில டீமை நிறுத்தினாரு, சிட்டிகிட்ட 1-0 தோல்வி. அதுக்கப்புறம் தேடல் ஆரம்பிச்சுது பாருங்க, ஒருத்தரு வர மாட்டேன்னாரு, ஒருத்தர்கிட்ட பேச்சு கடைசி நேரத்துல முறிஞ்சுது, இன்னொருத்தர் பேரு வெளிய வந்ததும் ஃபேன்ஸ் எகிறினாங்க, கடைசியா ஜூன் 30ல நூனோ, அவரு நவம்பர் 1ல காலி. அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை நுழையாதுன்னு சும்மாவா சொன்னாங்க. மூணு பேரு லிஸ்ட் எப்பவும் அலமாரியில இருக்கணும், டீம் நல்லா ஆடிட்டு இருக்கப்பவே இருக்கணும், ஒவ்வொருத்தருக்கும் ரிலீஸ் கிளாஸ் எவ்வளவு, ஸ்டாஃப் எத்தனை பேரு, எந்த ஃபார்மேஷன்னு எழுதி வச்சிருக்கணும்.

நீங்க ஒருத்தரை தூக்கினா நாலு கிளப் தள்ளி கூட ஆட்டம் காணும். அமோரிம் போறப்போ ஸ்போர்ட்டிங் லீக்ல 11க்கு 11 ஜெயிச்சிருந்துச்சு, அவருக்கு பதிலா வந்த ஜோவாவ் பெரேராவை 8 மேட்ச்ல தூக்கிட்டு டிசம்பர் முடியறதுக்குள்ள ரூய் போர்ஜஸை விட்டோரியா கிளப்ல இருந்து எடுத்தாங்க. அந்த சீசன் லீக்கையும் போர்ச்சுகல் கப்பையும் ஜெயிச்சிட்டாங்க, அது வேற ஆச்சரியம். அவசரமா தூக்கறதே தப்புன்னு நான் சொல்லல, தப்பு ஆளுன்னு தெரிஞ்சா முதல் வாரத்துலயே தெரியட்டும். ஜெர்மனி கிளப் லெவர்குசன் 2025ல அதே டென் ஹாக்கை ரெண்டே லீக் மேட்ச்ல அனுப்பினாங்க, ஒரே வாரத்துல யுல்மாண்ட் வந்துட்டாரு.

நம்ம ஊரு உதாரணமும் இருக்கு. சென்னையின் எஃப்சி 2019 நவம்பர்ல, ஒன்றரை வருஷம் முன்னாடி ஐஎஸ்எல் கப் வாங்கி குடுத்த ஜான் கிரிகரியோட பிரிஞ்சாங்க, "பரஸ்பர சம்மதம்"ங்கற வழக்கமான அறிக்கையோட. ஓவன் காயில் வந்தாரு, கீழ கெடந்த டீம் கோவாவுல ஃபைனல் வரைக்கும் போச்சு, ஏடிகேகிட்ட 3-1ன்னு தோத்தது தனி சோகம்.

தூக்கற அன்னிக்கு

வக்கீல் முதல்ல, அறிக்கை அப்புறம். மேனேஜர்கிட்ட நேர்ல சொல்லணும், அவரு வாட்ஸ்அப்ல பாத்து தெரிஞ்சுக்கற நிலைமை வரக்கூடாது, வந்தா செட்டில்மென்ட் பேச்சு கசந்துதான் ஆரம்பிக்கும். வீரர்களுக்கு அறிக்கை வர்றதுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடியாவது, கேப்டனுக்கு அதுக்கும் முன்னாடி. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2025 அக்டோபர்ல செல்சிகிட்ட 3-0ன்னு தோத்த மேட்ச் முடிஞ்சு 18 நிமிஷத்துல போஸ்டகோக்லூவை தூக்கின அறிக்கையை விட்டாங்க, 39 நாள்ல வேலை முடிஞ்சுது. அவரோட 8 மேட்ச்ல ஒண்ணுகூட ஜெயிக்கல, அதனால முடிவு தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை பாக்கற அடுத்த மேனேஜர் கான்ட்ராக்ட்ல என்னெல்லாம் எழுத சொல்லுவாருன்னு யோசிங்க. உச்சவரம்பு வைக்க விடமாட்டாரு, மூணு வருஷம் கேப்பாரு, சம்பளமும் ஏத்தி கேப்பாரு.

அப்புறம் ஒரு சின்ன வேலை, எல்லாரும் மறக்கறது: அன்னிக்கு சாயங்காலம் டீம் ஷீட்ல (அன்னிக்கு ஆடறவங்க லிஸ்ட்) கையெழுத்து போடறது யாரு? எவர்டன் டைச்சை தூக்கினது பீட்டர்பரோவோட எஃப்ஏ கப் மேட்ச்சுக்கு சில மணி நேரம் முன்னாடி. லெய்டன் பெய்ன்ஸையும் கேப்டன் ஷேமஸ் கோல்மேனையும் கூப்பிட்டு இன்னிக்கு நீங்க பாத்துக்கங்கன்னாங்க, 2-0ன்னு ஜெயிச்சு குடுத்தாங்க, ரெண்டு நாள்ல மோயஸ் வந்துட்டாரு.